கோடு முறியும் நாள்: காமா கதிர் வெடிப்புகளும் புணேயும்

1999 ஜனவரி 23. இந்திய நேரப்படி பிற்பகல் 3 மணி 17 நிமிடம். பூமியைச் சுற்றிக்கொண்டிருந்த காம்ப்டன் விண்ணாய்வகத்தின் பேட்ஸி கருவி ஒரு காமா கதிர் வெடிப்பைப் பதிவு செய்தது. அச்செய்தி, நொடிகளில், நியூ மெக்சிகோவின் லாஸ் அலமாஸில் இருந்த ராட்ஸி என்னும் தானியங்கிக் கருவியை அடைந்தது. நான்கு தொலைபட வில்லைகளைச் சேர்த்துக் கட்டிய எளிய கருவி அது. அங்கே அப்போது பின்னிரவு. வெடிப்பு தொடங்கிய 22ஆம் நொடியில் முதல் படம் பதிவாயிற்று. அடுத்த அரை நிமிடத்திற்குள் அந்த ஒளிப்புள்ளி ஏறத்தாழ 9ஆம் பொலிவெண்ணைத் தொட்டது. அந்த நேரத்தில் அந்தத் திசையை நோக்கி ஒரு நல்ல இருகண் நோக்கியை வைத்திருந்த எவரும் அதைக் கண்டிருக்கலாம்.

கண்டிருந்தால் அவர் கண்டது 900 கோடி ஆண்டுகளுக்கு மேலாகப் பயணம் செய்து வந்த ஒளி. ஜிஆர்பி 990123 எனப் பெயரிடப்பட்ட இந்த வெடிப்பின் செம்பெயர்ச்சி 1.6 எனக் கண்டறியப்பட்டது. தொலைவு தெரிந்தவுடன் ஆற்றலைக் கணக்கிடலாம். கணக்கிட்டவர்கள் திகைத்தார்கள். ஆற்றல் எல்லாத் திசைகளிலும் சமமாகப் பரவியது என்று கொண்டால், காமா கதிர்களில் மட்டும் 3.4 × 10⁵⁴ எர்க். இரண்டு சூரியன்களின் நிறை, ஓர் அணுவும் மிச்சமின்றிக் கதிர்வீச்சாக மாறினால் கிடைக்கும் ஆற்றல் ஏறத்தாழ அவ்வளவே. ஒரு விண்மீனின் இறப்பிலிருந்தோ, இரு நியூட்ரான் விண்மீன்களின் மோதலிலிருந்தோ இவ்வளவு ஆற்றலைக் காமா கதிர்களாக வெளிக்கொணரும் வழி எதையும் இயற்பியல் அறிந்திருக்கவில்லை.

இயற்பியல் தவறு, அல்லது 'எல்லாத் திசைகளிலும்' என்ற எடுகோள் தவறு. இவ்விரண்டில் எது என்ற வினாவிற்கு விடை தேடிய வரலாற்றில் நைனிதாலுக்கும் புணேவுக்கும் உரிய பங்கு, தமிழில் பெரிதும் எழுதப்படாதது.

இந்த வெடிப்புகளின் முன்கதை பலரும் அறிந்ததே. சுருக்கமாகச் சொன்னால் போதும். அணுகுண்டுச் சோதனைகளைக் கண்காணிக்க அமெரிக்கா ஏவிய வேலா செயற்கைக்கோள்கள் 1967 ஜூலை 2 அன்று முதல் வெடிப்பைப் பதிவு செய்தன. செய்தி வெளியானது 1973இல். அடுத்த இருபது ஆண்டுகளில் நூற்றுக்கும் மேற்பட்ட கோட்பாடுகள் தோன்றின. அவற்றுள் ஒன்று இந்தியாவிலிருந்து வந்தது: 1974இல் நேச்சர் இதழில் ஜயந்த் நார்லிகர், அப்பாராவ், நரேஷ் தாதிச் ஆகிய மூவரும் 'வெண்துளை'களிலிருந்து வரும் உயர் ஆற்றல் கதிர்வீச்சைப் பற்றி எழுதினார்கள். கருந்துளையின் மறுதலையான அப்பொருளின் கதிர்வீச்சு நேரம் செல்லச் செல்ல ஆற்றல் குன்றும் என்பது அவர்களின் வாதம். அது நிலைக்கவில்லை. நூற்றுக்கு மேற்பட்டவற்றில் ஓரிரண்டைத் தவிர எதுவுமே நிலைக்கவில்லை என்பதால் அதில் குறையும் இல்லை. ஆனால் அம்மூவரில் நார்லிகரும் தாதிச்சும் பின்னாளில் புணேயின் ஐயூக்கா நிறுவனத்தின் இயக்குநர்களாயினர் என்பதும், அதே நிறுவனம் நாற்பது ஆண்டுகள் கழித்து இவ்வெடிப்புகளை நாள்தோறும் தேடும் இடமானது என்பதும் குறிப்பிடத்தக்க தற்செயல்.

1991இல் ஏவப்பட்ட காம்ப்டன் கலம், வெடிப்புகள் வானமெங்கும் ஒரே சீராகப் பரவியிருப்பதைக் காட்டியது. அவை நமது பால்வீதியைச் சேர்ந்தவையா, அண்டத்தின் தொலைவுகளைச் சேர்ந்தவையா என்று 1995 ஏப்ரலில் வாஷிங்டனில் போடான் பச்சின்ஸ்கியும் டொனால்டு லாம்பும் பொதுமேடையில் வாதிட்டார்கள். இரண்டே ஆண்டுகளில் விவாதம் முடிந்தது. இத்தாலிய–டச்சுச் செயற்கைக்கோளான பெப்போசாக்ஸ், ஜிஆர்பி 970228இன் இடத்தைத் துல்லியமாகச் சொன்னது. யான் வான் பாரடைஸ் குழுவினர் லா பால்மாவிலிருந்து அவ்விடத்தில் மங்கிக்கொண்டிருந்த ஓர் ஒளிப்புள்ளியைக் கண்டார்கள். அதுவே கண்டறியப்பட்ட முதல் ஒளியியல் பின்னொளிர்வு. அதே ஆண்டு மே மாதம் ஜிஆர்பி 970508இன் நிறமாலை, அதன் செம்பெயர்ச்சி குறைந்தது 0.835 என்று காட்டியது. பச்சின்ஸ்கி வென்றார். அந்த வெற்றியுடனேயே ஆற்றல் நெருக்கடியும் வந்தது. மகாராஷ்டிரத்தின் குருந்த்வாடில் பிறந்த ஸ்ரீனிவாஸ் குல்கர்ணியின் குழு 1998இல் ஜிஆர்பி 971214இன் செம்பெயர்ச்சி 3.42 என அறிவித்தபோது நெருக்கடி வெளிப்படையானது. 990123 அதை உச்சத்திற்குக் கொண்டுசென்றது.

இனி இயற்பியல். வெடிப்பிலிருந்து பாயும் பொருள் ஒளியின் வேகத்திற்கு மிக நெருங்கிய வேகத்தில் வருகிறது. அவ்வேகத்தில் செல்லும் பொருள் உமிழும் ஒளி முன்னோக்கி ஒரு குறுகிய கூம்பிற்குள் குவிந்துவிடும். லோரன்ட்ஸ் காரணி 100 என்றால் கூம்பின் அரைக்கோணம் 100இல் ஒரு பங்கு ரேடியன், அதாவது அரைப் பாகைக்குச் சற்று மேல். ஆகவே பூமியிலிருந்து பார்ப்பவருக்கு அந்த ஓட்டத்தின் அரைப் பாகைப் பகுதி மட்டுமே புலப்படும். அதற்கு அப்பால் பொருள் இருக்கிறதா இல்லையா என்பதை அறிய வழியே இல்லை. மெல்லிய மூங்கில் குழலின் வழியே ஒரு சுவரைப் பார்ப்பவர், அச்சுவர் நான்கு முழமா நானூறு முழமா என்று சொல்ல முடியாதல்லவா, அதுபோல.

ஆனால் இந்தக் குழல் நாளடைவில் அகலும். ஓட்டம் சுற்றுப்புற வாயுவை வாரிக்கொண்டு வேகம் குறையக் குறைய, ஒளிக் கூம்பு விரிகிறது. மேலும் மேலும் பரந்த பகுதி பார்வைக்குள் வருகிறது. கோளமாக வெடித்திருந்தால் இந்த விரிவு முடிவின்றித் தொடரும். குறுகிய தாரையாகப் பாய்ந்திருந்தாலோ, ஒரு கட்டத்தில் தாரையின் விளிம்பு தென்பட்டுவிடும். அதற்கு மேல் பார்வைக்குள் வரப் புதிதாக எதுவும் இல்லை. அந்நாள்வரை ஒரு சீரான விகிதத்தில் மங்கிவந்த ஒளி, அந்நாள் முதல் விரைந்து மங்கத் தொடங்கும். தாரை பக்கவாட்டிலும் விரிந்தால் சரிவு இன்னும் செங்குத்தாகும். ஜேம்ஸ் ரோட்ஸ் 1997இலேயே இதை முன்னுணர்ந்து எழுதினார். 1999இல் அவரும், தனியே சாரி, பிரான், ஹால்பெர்ன் ஆகியோரும் இதைக் கணக்கு வடிவில் நிறுவினார்கள். ஒளி வளைகோட்டில் தோன்றும் இந்தத் திருப்பத்திற்குத் தாரை முறிவு என்று பெயர். முறிவுக்கு முன் நேரத்தின் −1.1 என்ற அடுக்கை ஒட்டி மங்குவது, முறிவுக்குப் பின் −2ஐ ஒட்டி மங்கும். அதாவது, நேரம் பத்து மடங்காகும்போது முன்பு ஏறத்தாழ 12இல் ஒரு பங்காகக் குறைந்த ஒளி, இப்போது 100இல் ஒரு பங்காகிவிடும்.

முறிவு நிகழும் நாள் தெரிந்தால் தாரையின் கோணம் தெரியும். கோணம் தெரிந்தால் உண்மையான ஆற்றல் தெரியும். ஐந்து பாகை அரைக்கோணம் கொண்ட இரட்டைத் தாரை வானத்தின் 260இல் ஒரு பங்கை மட்டுமே நிரப்பும். ஆற்றல் கணக்கையும் அதே 260ஆல் வகுக்க வேண்டும். நெருக்கடி தீர்கிறது. ஆனால் அதே எண் இன்னொரு பக்கத்தில் பெருக்கலாகத் திரும்பி வருகிறது: பூமியில் பதிவாகும் ஒவ்வொரு வெடிப்பிற்கும், வேறு திசை நோக்கிப் பாய்ந்து நமக்குத் தெரியாமலே போன சில நூறு வெடிப்புகள் உண்டு.

ஜிஆர்பி 990123இன் ஒளி இரண்டாம் நாளளவில் முறிந்தது. குல்கர்ணி குழுவின் அளவீட்டில் சரிவு −1.1இலிருந்து ஏறத்தாழ −1.65 ஆனது. கோட்பாடு எதிர்பார்த்த −2 அது அல்ல என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. சுற்றுப்புற வாயு மிக அடர்த்தியாக இருந்து, ஓட்டம் விரைவில் வேகமிழந்திருந்தாலும் இதுபோன்ற திருப்பம் வரும் என்று சீனாவின் தாய், லூ ஆகியோர் உடனே மறுவிளக்கம் தந்தார்கள். எலெக்ட்ரான்கள் குளிர்வதாலும் ஒளிக்கோடு வளையும். ஆனால் அந்த வளைவு நீல ஒளியில் ஒரு நாளும் சிவப்பு ஒளியில் வேறொரு நாளும் தோன்றும். தாரை முறிவு வடிவியலால் வருவது. ஆகவே எல்லா நிறங்களிலும் ஒரே நேரத்தில் வர வேண்டும். எனவே தேவைப்பட்டது பெரிய தொலைநோக்கி அன்று. பல வடிகட்டிகளில், இடைவெளியின்றி, இரவு தவறாமல் அளக்கக்கூடிய தொலைநோக்கிகளின் சங்கிலி.

இங்கேதான் நைனிதால் வருகிறது. அன்றைய உத்தரப் பிரதேச அரசு வானாய்வகத்தின் 104 செ.மீ. சம்பூர்ணானந்த் தொலைநோக்கி 1972இல் மனோரா சிகரத்தில் நிறுவப்பட்டது. 1999இல் உலக அளவில் அது சிறியது, பழையது. ஆனால் ஆஸ்திரேலியாவின் சைடிங் ஸ்பிரிங்கில் இரவு கடந்து, கானரித் தீவுகளில் இரவு ஏறுவதற்கு இடையே ஏறத்தாழ பதினோரு மணிநேரம் உண்டு. அந்த இடைவெளியின் நடுவே இருக்கும் தீர்க்கரேகை இந்தியாவுடையது. பின்னொளிர்வு யாருக்காகவும் காத்திருப்பதில்லை. அந்த மணிகளில் அளக்காவிட்டால் அது அளக்கப்படாமலே போகும். ராம் சாகர் தலைமையிலான குழு 990123இன் ஒளியைத் தொடர்ந்து அளந்தது. நைனிதாலின் பின்னொளிர்வுத் திட்டம் இந்த வெடிப்போடு தொடங்கிற்று. அளவீடுகள் இந்திய வானியல் கழகத்தின் புல்லட்டினில் வெளிவந்தன. தொடர்ந்து 991208, 991216, 000301C, 010222 என அடுத்தடுத்த வெடிப்புகள். அப்போது பெங்களூரின் ராமன் ஆய்வு நிறுவனத்தில் இருந்த தீபாங்கர் பட்டாச்சார்யா இக்கட்டுரைகளின் கோட்பாட்டுப் பகுதிக்குத் தோள் கொடுத்தார். அவர் பிற்பாடு புணேயின் ஐயூக்காவுக்கு வந்தார்.

எல்லா முறிவும் தெளிவாக அமையவில்லை. 2000 மார்ச் 1இன் வெடிப்பில், மங்கிவந்த ஒளி நான்காம் நாளையொட்டி மீண்டும் சற்று ஏறியது. இடையில் இருந்த ஏதோவொரு விண்மீனின் ஈர்ப்பு வில்லை விளைவு அது என்றுகூட ஒரு விளக்கம் வந்தது. கோடு எங்கே முறிந்தது என்பதைச் சொல்ல முதலில் அந்த மேட்டைக் கணக்கிலிருந்து நீக்க வேண்டியிருந்தது. பாடநூல்களில் வரையப்படும் இரு நேர்கோடுகளுக்கும் உண்மையான தரவுக்கும் இடையே உள்ள தொலைவை மாணவர்கள் அறிய இந்த ஒரு வெடிப்பு போதும். மாறாக, 1999 மே 10இன் வெடிப்பு மிகத் தெளிவானது: ஒளி ஒன்றரை நாளுக்குள் எல்லா நிறங்களிலும் ஒன்றாகத் திரும்பியது; ரேடியோ அலைகளும் ஒத்திசைந்தன. அந்த ஒளி 1.7 விழுக்காடு முனைவாக்கம் பெற்றிருந்ததைச் சிலியின் விஎல்டி தொலைநோக்கி காட்டியது. தாரைக்கான வாதம் அதன்பின் சிறுபான்மை வாதமாக இல்லை. 2001இல் டேல் ஃபிரெய்ல், குல்கர்ணி முதலியோர், தாரைக் கோணத்தால் திருத்திய ஆற்றல்கள் யாவும் 5 × 10⁵⁰ எர்க்கை ஒட்டிக் குவிகின்றன என்று அறிவித்தார்கள். சூரியன்களை விழுங்கிய எண், ஒரு சாதாரணச் சூப்பர்நோவாவின் அளவுக்கு இறங்கி வந்தது.

புணே இக்கதைக்குள் முழுமையாக நுழைவது 2003 மார்ச் 29 அன்று. மாலை 5 மணி 7 நிமிடத்திற்கு எச்இடிஇ-2 செயற்கைக்கோள் பதிவு செய்த ஜிஆர்பி 030329, செம்பெயர்ச்சி 0.17 மட்டுமே கொண்ட மிக அண்மையான வெடிப்பு. சில நாட்களில் அதன் ஒளியிலிருந்து ஒரு சூப்பர்நோவா எழுந்து வந்தது. நீண்ட வெடிப்புகள் பெருவிண்மீன்களின் இறப்பு என்பதை அது உறுதி செய்தது. வெடிப்பு நிகழ்ந்தபோது இந்தியாவில் பொழுது சாயும் நேரம். இருட்டியதும், மூன்று மணிநேரத்திற்குள், அளவீடு தொடங்கிவிட்டது. 34 நாட்கள் நீடித்தது.

புணேக்கு வடக்கே ஏறத்தாழ 80 கிலோமீட்டரில், நாராயண்காவ் அருகே கோடத் கிராமத்தைச் சுற்றி, 45 மீட்டர் விட்டமுடைய 30 அலைவாங்கிகள் 25 கிலோமீட்டர் பரப்பில் நிற்கின்றன. கோவிந்த் சுவரூப்பின் வாழ்நாள் உழைப்பான மாபெரும் மீட்டரலை ரேடியோ தொலைநோக்கி அது. புணேயின் தேசிய ரேடியோ வானியற்பியல் மையம் அதை இயக்குகிறது. கம்பி வலையால் ஆன அதன் கிண்ணங்கள் மீட்டர் அளவான அலைகளுக்கென்றே கட்டப்பட்டவை. பின்னொளிர்வு ஆய்வில் அது குறையாகத் தோன்றலாம்: தொடக்க நாட்களில் ஓட்டம் தன் குறைந்த அதிர்வெண் ரேடியோ அலைகளைத் தானே உட்கொண்டுவிடும், ஆகவே கோடத்தில் முதலில் எதுவும் தெரியாது. ஆனால் அதுவே அதன் வலிமையும் ஆகும். ஒளியியல் தொலைநோக்கிகள் கைவிட்ட பிறகு, மாதங்கள் கழித்து, குறைந்த அதிர்வெண்ணில் அந்த வெடிப்பு உயிர்பெறுகிறது. 1280 மெகாஹெர்ட்ஸில் ஓராண்டுக்கும் மேலாக 030329 அங்கே கண்காணிக்கப்பட்டது.

வினா இதுதான். ஒளியில் அரை நாளையொட்டி ஒரு முறிவு. ரேடியோவில் பத்து நாளையொட்டி இன்னொன்று. ஒரே தாரைக்கு இரண்டு விளிம்பு எப்படி? அமெரிக்காவின் எடோ பெர்கர் குழு, ஐந்து பாகை அளவான குறுகிய தாரை ஒன்றும் அதைச் சூழ்ந்து 17 பாகை அளவான அகன்ற தாரை ஒன்றும் என இரட்டைத் தாரையை முன்வைத்தது. ரேஷ்மி லட்சுமி, பட்டாச்சார்யா, சாகர் முதலியோர் 2005இல் வெளியிட்ட கட்டுரை, நைனிதாலின் ஒளியையும் கோடத்தின் ரேடியோவையும் ஐரோப்பியக் கருவிகளின் மில்லிமீட்டர் அலைகளையும் ஒன்றாக வைத்து அதைச் சோதித்தது. இரண்டு தாரைகள் தொடக்கத்திலிருந்தே இருந்தனவா, அல்லது முதல் முறிவுக்குப் பின் மைய இயந்திரம் புதிதாக ஆற்றலை ஊட்டியதால் குறுகிய தாரையே அகன்ற தாரையாக மாறிற்றா என்ற மாற்று வழியையும் அது ஆராய்ந்தது. முறிவு என்பதை வெறும் வடிவியல் என்று எண்ணியிருந்தவர்களுக்கு, அதற்குள் இயந்திரத்தின் வரலாறும் ஒளிந்திருக்கலாம் என்று காட்டியது இக்கட்டுரையின் மதிப்பு. அதன்பின் நெதர்லாந்தின் வெஸ்டர்போர்க் தொலைநோக்கியுடன் சேர்ந்து கோடத் 1128ஆம் நாள்வரை இந்த வெடிப்பைத் தொடர்ந்தது. அப்போது அந்த ஓட்டம் ஒளியின் வேகத்தை மறந்து, சாதாரண அதிர்ச்சி அலையாக ஊர்ந்துகொண்டிருந்தது.

2004இல் ஸ்விஃப்ட் ஏவப்பட்டபோது, இனி முறிவுகள் நூற்றுக்கணக்கில் குவியும் என்று எதிர்பார்க்கப்பட்டது. நடந்தது வேறு. பல வெடிப்புகளில் முறிவே தென்படவில்லை. பலவற்றில் எக்ஸ் கதிரில் முறிவு இருந்தது, ஒளியில் இல்லை. ஃபிரெய்லின் குவியலும் தளர்ந்தது. தாரைக் கொள்கையை யாரும் கைவிடவில்லை. ஆனால் 1999இன் எளிய படம், சில பளிச்சென்ற வெடிப்புகளிலிருந்து பெற்ற நற்பேறு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. பல வெடிப்புகளில் முறிவு நிகழும் நாளுக்குள் தொலைநோக்கி நேரம் தீர்ந்துபோய்விடுவதும் ஒரு காரணம். இயற்கையின் குறையையும் கண்காணிப்பின் குறையையும் பிரித்தறிவது இத்துறையில் இன்றும் எளிதன்று.

2015 செப்டம்பர் 28 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஆஸ்ட்ரோசாட் ஏவப்பட்டது. அதன் காட்மியம் துத்தநாக டெல்லுரைடு படக்கருவியின் செயல்பாட்டு மையம் ஐயூக்காவில் அமைந்தது. இயங்கத் தொடங்கிய முதல் நாளிலேயே, அக்டோபர் 6 அன்று, அது ஒரு காமா கதிர் வெடிப்பைப் பிடித்தது. வானத்தின் ஒரு சிறு பகுதியை நோக்க வடிவமைத்த கருவியே ஆயினும், 100 கிலோ எலெக்ட்ரான்வோல்ட்டுக்கு மேல் அதன் பக்கச் சுவர்கள் கதிர்களை உள்ளே விட்டுவிடுகின்றன. இதனால் அது பெரும்பகுதி வானத்திற்கும் காவலாயிற்று. ஒரு படப்புள்ளியில் மோதிய கதிர் அடுத்த புள்ளிக்குச் சிதறும் திசையைக் கொண்டு முனைவாக்கத்தையும் அளக்க முடிந்தது. ஐந்தாண்டுத் தரவில் மிகப் பொலிவான 20 வெடிப்புகளுள் ஏறத்தாழ கால்பங்கில் மட்டுமே முனைவாக்கம் தெளிவாகத் தெரிந்தது. தாரைக்குள் காந்தப்புலம் ஒழுங்காக இருக்கிறதா, கலைந்து கிடக்கிறதா என்பது இதனால் திறந்த வினாவாகவே இருக்கிறது.

ஆயினும் பின்னொளிர்வு வரலாற்றில் இக்கருவியின் சிறந்த பங்கு, ஒன்றை மறுத்ததில் இருக்கிறது. 2017 ஜனவரி 4 அன்று லைகோ இரு கருந்துளைகள் இணைந்த ஈர்ப்பலையைப் பதிவு செய்தது. அது வந்த திசைப் பகுதிக்குள், ஒரு நாளுக்குள், ஹவாயின் அட்லஸ் தொலைநோக்கி விரைந்து மங்கும் ஓர் ஒளியைக் கண்டது. கருந்துளைகள் இணையும்போது ஒளி வரலாகாது. வந்திருந்தால் அது பெரும் கண்டுபிடிப்பு. வருண் பலேராவ் முதலியோர் ஆஸ்ட்ரோசாட் தரவைத் தேடினார்கள். இணைவு நேர்ந்த நொடியில் எதுவும் இல்லை. ஆனால் மறுநாள், ஜனவரி 5 அன்று, ஒரு நீண்ட காமா கதிர் வெடிப்பு பதிவாகியிருந்தது. ஹவாய் கண்ட ஒளி, அந்த வெடிப்பின் பின்னொளிர்வு. ஈர்ப்பலையோடு அதற்கு உறவில்லை. திசை ஒத்தது தற்செயல். ஒளி வளைகோட்டை எந்த நொடியிலிருந்து எண்ணுவது என்ற சிறு கேள்வி, ஒரு பெருங்கண்டுபிடிப்பை ஒன்றுமில்லாமல் ஆக்கியது.

அதே ஆண்டு ஆகஸ்ட் 17 அன்று உண்மையானது வந்தது. 13 கோடி ஒளியாண்டுத் தொலைவில் இரு நியூட்ரான் விண்மீன்கள் இணைந்தன, 1.7 நொடி கழித்து ஃபெர்மி ஒரு மெலிந்த காமா கதிர் வெடிப்பைக் கண்டது. அந்நேரம் ஆஸ்ட்ரோசாட்டுக்கு அத்திசை பூமிக்குப் பின்னால் மறைந்திருந்தது. வெடிப்பு ஏன் அத்தனை மெலிவு என்பதில் கருத்து பிளந்தது: பக்கவாட்டிலிருந்து பார்க்கப்பட்ட வழக்கமான தாரை என்றது ஒரு சாரார், தாரை பொருளுக்குள் திணறி நின்றுவிட்டது, தெரிவது அதைச் சூழ்ந்த சூடான கூடு மட்டுமே என்றது மறுசாரார். 18 ஆண்டுகளுக்குப் பிறகு அதே வினா, கோளமா தாரையா என்று, திரும்பி வந்தது.

கோடத்தின் அலைவாங்கிகள் ஏழாம் நாளிலிருந்து பார்த்தன. ஏறத்தாழ அறுபதாம் நாளில்தான் 610, 1390 மெகாஹெர்ட்ஸ்களில் ஒளிர்வு தலைகாட்டியது. 150ஆம் நாள் கடந்தும் 1390இல் உச்சம் எட்டியதற்கான தெளிவான அறிகுறி இல்லை என்று ரேஷ்மி குழு எழுதியது. அந்த ஏறுமுகத்தை இரு சாராரும் தத்தம் கட்சிக்குச் சான்றாகக் காட்ட முடிந்தது. ஆகவே இறங்குமுகம்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. குணால் மூலி தலைமையிலான குழு, அமெரிக்க, ஆஸ்திரேலிய, தென்னாப்பிரிக்கக் கருவிகளோடு கோடத்தின் அளவுகளையும் சேர்த்து 300ஆம் நாள்வரை கோட்டை நீட்டியது. உச்சத்தைக் கடந்ததும் ஒளிர்வு கூர்மையாகத் திரும்பி, நேரத்தின் −2.2 அடுக்கில் சரிந்தது. கூட்டினால் அப்படிச் சரிய இயலாது. மீநெடுந்தொலை ரேடியோ அளவீடுகளிலும் அந்தப் புள்ளி, 75ஆம் நாளுக்கும் 230ஆம் நாளுக்கும் இடையே, ஒளியின் வேகத்தைப் போல் நான்கு மடங்கு வேகத் தோற்றத்துடன் வானில் நகர்ந்திருந்தது.